ஓடுவதற்காக உலைக்குப் போனவர்

என் தங்கை நவமணியை முருகையாவுக்குக் கட்டிக்கொடுத்தபோது அவர் பார்த்துக்கொண்டிருந்தது அவருடைய ஐந்தாவது வேலை. வயது இருபத்திரண்டுதான். முதலில் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் கவாத்து வெட்டினார். அது ஆறு மாதம். பிறகு கியா பார்மில் ஒரு சீனருடைய முட்டைக்கோஸ் தோட்டத்தில் மருந்தடித்தார். அது சலித்ததும் மலையடிவாரத்துத் தாப்பாவுக்குக் காய்கறி ஏற்றிப்போகும் லோரியில் கூடமாட ஆளாகப் போனார். ரிங்லெட்டில் ஒரு பட்டறையில் டயர் கழற்றினார். அங்கிருந்து மறுபடி தேயிலைத் தோட்டத்துக்கே வந்து புல்வெட்டில் சேர்ந்தார். யாரும் அவரை விரட்டியதில்லை. எல்லா இடத்திலும் நல்ல பெயர்தான். ஒரு நாள் காலையில் எழுந்திருக்கும்போது போதும் என்று தோன்றிவிடும், அவ்வளவுதான்.

சம்பந்தம் பேசியது நான். குடிப்பழக்கம் இல்லை, கை நீட்டுகிறவர் இல்லை, கல்யாணமானால் ஒரு இடத்தில் நிற்பார் என்று அம்மாவிடம் சொன்னவனும் நான்தான். நான் செல்லையா. அந்தத் தோட்டத்துத் தேயிலை பேக்டரியில் பிட்டர். பதினேழு வயதில் ஸ்பேனரைப் பிடித்தவன், அதே பேக்டரியில்தான் ரிட்டையர் ஆனேன். ஆகவே ஒரு மனிதன் ஏன் நிற்க மாட்டேன் என்கிறான் என்பது எனக்குப் புரிந்ததே இல்லை.

1972-ல் கல்யாணம். மணவறையில் உட்கார்ந்திருந்தபோதே அவருடைய வலது முட்டி ஆடிக்கொண்டிருந்தது. குருக்கள் மந்திரத்தை நிறுத்தாமலே ஒரு கையை எடுத்து அந்த முட்டியின் மேல் வைத்து அழுத்தினார். பெண்கள் பக்கம் சிரிப்பு எழுந்தது. அதற்குப் பிறகு நவமணி பார்த்ததெல்லாம் அந்த முட்டியைத்தான். சாப்பாட்டுத் தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு பின்கதவுக்கும் தண்ணீர்க் குழாய்க்கும் இடையே நடந்துகொண்டே சாப்பிடுவார். மாதம் ஒரு தடவை, காலையில் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்களத்தில் திரை கட்டிப் படம் காட்டுவார்கள். பாதிப் படத்தில் எழுந்து போய்விடுவார், முடிவை மறுநாள் யாரிடமாவது கேட்டுக்கொள்வார்.

1979-க்குள் இரண்டு பெண் குழந்தைகளும் ஒன்பதாவது வேலையும் ஆகிவிட்டன. அந்த ஒன்பதாவது வேலை நான் வாங்கிக்கொடுத்தது. பேக்டரியில் ஆள் போடுகிற குமாஸ்தா, கிராணி ராமசாமியிடம் சொல்லி வாட்டுமாடியில் சேர்த்துவிட்டேன். பறித்துவந்த கொழுந்தைப் பரப்பிக் காற்றில் வாடவைக்கிற மாடி அது. சுற்றிலும் சன்னல். மலைக்காற்று நாள் முழுவதும் உள்ளே வந்துகொண்டிருக்கும். மழையில்லை, அட்டைக்கடி இல்லை, முதுகில் கூடை இல்லை. அந்தத் தோட்டத்தில் அதைவிட நல்ல வேலை கிடையாது. அதிலும் மூன்றாவது மாதமே அவர் சன்னலண்டை போய் வெளியே பார்த்துக்கொண்டு நிற்க ஆரம்பித்தார். நவமணி என் வீட்டுக்கு வந்து, "பாக்க ஆரம்பிச்சிட்டாருண்ணே" என்றாள். அடுத்து வேலையை விட்டுவிடுவார் என்று எனக்குப் புரிந்தது.

அந்தச் சமயத்தில்தான் லோரி விஷயம் நடந்தது.

ஞாயிற்றுக்கிழமைகளில் தோட்டத்து லோரி எங்களையெல்லாம் ஏற்றிக்கொண்டு பிரிஞ்சாங் டவுனுக்குப் போகும். எட்டு கிலோமீட்டர். அன்று எல்லோரும் ஏறியாகிவிட்டது. நவமணியும் பிள்ளைகளும் முன்பக்கம் இடம் பிடித்துவிட்டார்கள். முருகையா வழக்கம்போல ஏறாமல் கீழே நடந்துகொண்டிருந்தார். டிரைவர் எல்லோரும் வந்துவிட்டதாக நினைத்து வண்டியை எடுத்துவிட்டார். நாங்கள் தட்டிச் சொல்வதற்குள் முதல் வளைவு தாண்டிவிட்டது. முருகையா பின்னால் ஓடிவந்தார். நிறுத்தச் சொல்லிக் கூரையைத் தட்டப் போன என் கையை, லோரியில் இருந்த ஒரு கிழவர் சிரித்துக்கொண்டே பிடித்துக்கொண்டார். கொஞ்சம் ஓடட்டும் என்றார்.

தோட்டத்து ரோட்டில் லோரி வேகமாகப் போக முடியாது. வளைந்து வளைந்து மலையைச் சுற்றிப் போகும். முருகையா வளைவில் வரவில்லை. தேயிலைச் செடிகளுக்கு நடுவே கொழுந்து பறிக்கிறவர்கள் நடக்கும் ஒற்றையடிப் பாதையில் நேராக இறங்கி, அடுத்த திருப்பத்தில் எங்களுக்கு முன்னாலேயே நின்றார். நின்றவர் கையைக் காட்டவில்லை. வண்டி வந்ததும் அதோடு சேர்ந்து ஓடினார். அடுத்த திருப்பத்திலும் அப்படியே. லோரியில் ஒரே கூச்சல், கைதட்டல். நவமணி மட்டும் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தாள். தார் ரோடு வந்ததும் வண்டி வேகம் பிடித்தது, அவர் பின்தங்கிவிட்டார். நாங்கள் பிரிஞ்சாங் கடைத்தெருவில் இறங்கிக் கால் மணி நேரத்துக்குள் அவரும் வந்துசேர்ந்தார். சட்டையெல்லாம் நனைந்து, காலில் ஒரு சிலிப்பர் மட்டும்.

எல்லோரும் சாப்பாட்டுக் கடைக்குப் போனோம். அவர் ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். தோசை வந்தது, சாப்பிட்டார். தேத்தண்ணி குடித்தார். மேசைக்கு அடியில் முட்டி ஆடவில்லை. பெரியவள் ரஞ்சிதம் அவர் மடியில் ஏறி உட்கார்ந்தாள், அதற்கும் எழுந்திருக்கவில்லை. முக்கால் மணி நேரம் இருக்கும். நவமணி என்னைப் பார்த்தாள். அவள் கோபமெல்லாம் எங்கே போயிற்றென்று தெரியவில்லை, ஏதோ பயந்தவள் மாதிரி இருந்தாள்.

அடுத்த ஞாயிறு அவர் வேண்டுமென்றே லோரியில் ஏறவில்லை. பிறகு ஞாயிறு மட்டும் போதவில்லை. காலை பிரட்டுக்கு முன்னால், பனி கலையாத நேரத்தில் எழுந்து ஓடிவிட்டு வந்து வேலைக்குப் போனார்.

1979-ல் எங்கள் தோட்டத்தில் காரணமில்லாமல் ஓடுகிறவன் யாரும் கிடையாது. எங்கே முருகையா, யார் வீட்டில் என்ன என்று கேட்டவர்கள் ஒன்றுமில்லை என்ற பதிலைக் கேட்டு முகம் சுளித்தார்கள். காற்று பிடித்திருக்கிறது, முனீஸ்வரனுக்குக் கிடா வெட்டச் சொல்லு என்று நவமணிக்கு யோசனை சொன்னார்கள். துரை லேண்ட்ரோவரை நிறுத்தி ஏறிக்கொள்ளச் சொன்னார். இரண்டு மூன்று தடவை சொல்லிப் பார்த்துவிட்டு, அப்புறம் ஹாரன் மட்டும் அடித்துவிட்டுப் போனார். ஒரு விடிகாலையில் பிரிஞ்சாங் போலீஸ் ஜீப் அவரைப் பிடித்துவைத்துக்கொண்டது. எந்தக் கடையை உடைத்துவிட்டு ஓடுகிறாய் என்று கேட்டார்கள். சும்மா ஓடுகிறேன் என்று அவர் மலாயில் சொன்னதை அவர்கள் நம்பவில்லை. கடைசியில் நான் போய்ச் சொல்லித்தான் விட்டார்கள். அந்தப் போலீஸ்காரர்களில் ஒருவர்தான் தானா ராத்தாவில் சுதந்திர தினத்துக்கு ஓட்டப் பந்தயம் வைக்கிறார்கள், இப்படித் திருட்டுத்தனமாக ஓடாமல் அங்கே போய் ஓடு என்று சொல்லியனுப்பினார்.

1980 ஆகஸ்டில் அந்தப் பந்தயத்தில் அவர் ஓடினார். பன்னிரண்டு கிலோமீட்டர், முழுக்க மலைரோடு. புதிதாக வாங்கிய வெள்ளைக் கேன்வாஸ் சப்பாத்து. முன்னால் இரண்டு ராணுவக்காரர்கள், மூன்றாவதாக இவர். ஒரு தெர்மாஸ் பிளாஸ்க் கொடுத்தார்கள். எங்கள் லயத்து வீடுகளில் எல்லோரும் அதைக் கையில் வாங்கிப் பார்த்தார்கள். காற்று பிடித்த பேச்சு அதோடு நின்றது.

அவருக்கு மட்டும் நிம்மதி வரவில்லை. தானா ராத்தாவில் ஓடியவர்கள் மொத்தம் எண்பது பேர். கீழே ஈப்போவில் ஆயிரம் பேர் ஓடுவார்களாம், பதினாறு கிலோமீட்டராம் என்று எங்கோ கேட்டுவிட்டு வந்து அதையே பேசிக்கொண்டிருந்தார். ஒரு வருஷம் பேசினார். 1981-ல் நானும் அவரும் சனிக்கிழமை பஸ் பிடித்து இறங்கி, ஈப்போ புந்தோங்கில் என் மனைவியின் சொந்தக்காரர் வீட்டில் தங்கினோம். மலையை விட்டு இறங்கியதிலிருந்தே அவர் சட்டையைத் தூக்கித் தூக்கி விசிறிக்கொண்டார். நான் அதைப் பெரிதாக நினைக்கவில்லை.

காலை ஏழரைக்குப் பந்தயம். எட்டு மணிக்கே வெயில் சுட்டது. அவர் முதல் கூட்டத்தோடு போய்விட்டார் என்று பாதையில் நின்றவர்கள் சொன்னார்கள். முடிவுக்கோட்டில் நான் நின்று பார்த்தேன். பத்துப் பேர் வந்தார்கள், நூறு பேர் வந்தார்கள், பெண்கள் வந்தார்கள், தலை நரைத்தவர்கள் வந்தார்கள். அவர் வரவில்லை. விசாரித்துக்கொண்டு போனால் சுண்ணாம்புக்கல் மலைப்பக்கம் ஒரு முதலுதவிக் கூடாரத்தில் படுக்கவைத்திருந்தார்கள். தலையிலும் அக்குளிலும் ஐஸ் கட்டி. என்னைப் பார்த்ததும், "மச்சான், ஓடி முடிச்சிட்டேனா?" என்று கேட்டார். நான் ஆமாம் என்று சொல்லிவிட்டேன். பஸ்ஸில் திரும்பும்போது ரிங்லெட் தாண்டி, குளிர்காற்று முகத்தில் பட்டதும்தான் அவருக்குத் தெளிந்தது. பொய் சொன்னதற்காக என்னைத் திட்டவில்லை.

"மூச்சு இருந்துச்சு மச்சான். காலும் இருந்துச்சு. ஒடம்புதான் வெந்துபோச்சு" என்றார்.

அதற்குப் பிறகு மூன்று வாரம் அவர் ஓடவில்லை. அந்த மூன்று வாரம்தான் மோசம். வீட்டில் நிற்க முடியவில்லை, மாடியில் நிற்க முடியவில்லை. கொழுந்து பரப்புகிற நேரத்தில் சன்னலுக்கும் படிக்கட்டுக்கும் நடந்தார். குழந்தைகளிடம் எரிந்து விழுந்தார். பத்தாவது வேலை தேடப் போகிறார் என்று நவமணி முடிவுகட்டிவிட்டாள்.

ஒரு திங்கட்கிழமை ராமசாமி கிராணி என்னைக் கூப்பிட்டுவிட்டார். கதவைச் சாத்திக்கொண்டு, உன் மச்சான் யாருக்காவது பயந்து ஒளிகிறானா என்று கேட்டார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. முருகையா அன்று காலையில் வந்து, வாட்டுமாடியை விட்டு டிரையருக்கு மாற்றிவிடும்படி கேட்டிருக்கிறார்.

டிரையர் என்பது கீழே, பேக்டரியின் கடைசியில் இருக்கும் அறை. வாட்டி உருட்டிப் புளிக்கவைத்த தேயிலையை அங்கேதான் சூடு காட்டிக் காயவைப்பார்கள். அதற்குப் பின்னால் விறகு உலை. கட்டை கட்டையாகத் தூக்கி உள்ளே எறிந்துகொண்டே இருக்க வேண்டும். வெளியே ஸ்வெட்டர் போடுகிற குளிராக இருந்தாலும் அங்கே வெற்றுடம்பில் வேர்வை ஊற்றும். தேயிலைத் தூசு தொண்டையில் அடைக்கும். அங்கே போட்டவர்களெல்லாம் மாற்றிவிடும்படி கெஞ்சிக்கொண்டு வருவார்களே தவிர, அந்த வேலையைக் கேட்டு வந்தவர் யாருமில்லை என்றார் கிராணி. நானும் கேள்விப்பட்டதில்லை.

அவர் கேட்டதைக் கொடுத்துவிட்டார்கள். மேலே காற்றாட இருந்தவர், ஈப்போ வெயிலுக்கு உடம்பைப் பழக்கவென்று கீழே உலைக்குப் போனார். முதல் மாதம் பார்க்கச் சகிக்கவில்லை. கண் உள்ளே போய்விட்டது, கன்னம் ஒட்டிவிட்டது. தலைவலியோடு வீட்டுக்குப் போவார். ஒரு நாள் கட்டையைத் தூக்கியவர் அப்படியே சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். தோட்டத்து ஆஸ்பத்திரி டிரஸ்ஸர், உடம்பில் உப்பு இல்லாமல் போகிறது, வேண்டாம் இந்த வேலை என்றார். முருகையா அதில் உப்பு என்ற சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டார். நீராகாரத்தில் உப்புப் போட்டு ஒரு பெரிய வாளியில் கொண்டுவந்து வைத்து, பத்துக் கட்டைக்கு ஒரு மடக்கு என்று குடிக்கப் பழகினார். அவருக்கு வேகம் மட்டும்தான் தெரியும் என்று நினைத்திருந்தேன். அந்த அறையில் நிதானமாக வேலை செய்யக் கற்றுக்கொண்டார். அவசரப்பட்டால் உலை ஆளைச் சாய்த்துவிடும்.

நவமணிக்கு இது பொறுக்கவில்லை. ஒரு சாயங்காலம் என்னை வைத்துக்கொண்டே கேட்டாள்.

"நீங்க ஓடுறது எங்கேயாவது போய்ச் சேர்றதுக்கா, இல்ல எங்களோட இருக்க முடியாமலா? அத மட்டும் சொல்லுங்க. நான் வேற ஒண்ணும் கேக்கல."

அவர் சப்பாத்தைக்கூட மாட்டாமல் வெளியே போய்விட்டார். அவள் என் பக்கம் திரும்பி, உலைக்கு முன்னால் இந்த மனுஷன் விழுந்து கிடந்தால் இரண்டு பிள்ளைகளோடு நான் எந்த முகத்தோடு நிற்பேன், நீங்கள் கட்டிவைத்தவர்தானே, நீங்களே போய்ப் பேசுங்கள் என்றாள்.

மறுநாள் டிரையரில் பெல்ட் சரிபார்க்கிற சாக்கில் போனேன். அவர் கட்டை எறிந்துகொண்டிருந்தார். என்ன சொல்ல வந்தேன் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

"மச்சான், இங்க நிக்கிறப்போ வெளிய போவணும்னு எனக்குத் தோணல. வெளிய ஓடுறப்போ வேற எங்கயும் போவணும்னு தோணல. எனக்கு இதுவரைக்கும் இப்படி இருந்ததே இல்லலா. உங்க தங்கச்சிகிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல."

நான் அப்படியே போய் நவமணியிடம் சொன்னேன். அவள் கேட்டுவிட்டு அரிசி களைய உள்ளே போனாள். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

1982-ல் மறுபடி ஈப்போ. அதே பாதை, அதே வெயில். இந்தத் தடவை அவர் முன்கூட்டத்தோடு போகவில்லை. பாதி தூரத்தில் அறுபதாவது ஆளாகக்கூட இருந்திருக்க மாட்டார். பத்தாவது கிலோமீட்டரிலிருந்து ஆட்கள் ஒவ்வொருவராக வதங்க ஆரம்பித்தார்கள். முருகையா அதே நடையில் வந்து ஒவ்வொருவராகத் தாண்டினார். முடிவுக்கோட்டில் நான் நம்ப மாட்டாமல் எண்ணினேன். ஆறாவது. வந்தவர் விழவில்லை, வாந்தி எடுக்கவில்லை. ஒரு குவளைத் தண்ணீர் வாங்கி மடக்கு மடக்காகக் குடித்தார்.

அடுத்த வருஷம் நாலாவதாக வந்தார். அன்று ஒரு சீனர் வந்து கையைக் குலுக்கினார். லோ என்று பெயர். ஈப்போவிலேயே ரப்பர் சாமான் செய்கிற ஒரு கம்பெனியில் ஸ்டோர் மேனேஜர். கம்பெனிக்கு ஒரு ஓட்டக்காரர் குழு இருக்கிறது, நீ வந்தால் ஸ்டோரில் வேலை தருகிறோம், சாயங்காலம் பயிற்சிக்கு விட்டுவிடுவோம், கம்பெனி பனியன் போட்டு ஓட வேண்டும் என்றார். ஒன்பது வேலை மாறிய மனிதருக்கு முதல்முறையாக ஒரு வேலை தானாகத் தேடி வந்திருந்தது. பஸ்ஸில் வரும்போது நான் அவரைவிடச் சந்தோஷமாக இருந்தேன். அவர் சன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே வந்தார். தாப்பா தாண்டியதும், வேண்டாம் என்று சொல்லப்போகிறேன் என்றார்.

நவமணியிடம் அதை ஏதோ வேடிக்கை மாதிரிதான் சொன்னார், அப்படி ஒருத்தர் கேட்டார் என்று. சொல்லி முடிப்பதற்குள் அவள் எழுந்து நின்றாள்.

"நான் போவணும்" என்றாள்.

அவருக்குப் புரியவில்லை. எனக்கும் புரியவில்லை.

"இந்தப் பத்து வருஷத்துல நீங்க எத்தன வேலைக்குப் போனீங்க, எத்தன தடவ போதும்னு வந்தீங்க. எனக்குப் போதும்னு தோணலயா? தெனம் தோணுச்சு. நான் ஒருத்தி நின்னாதான் அடுப்பு எரியும்னு ஒரே மலையில நின்னு கொழுந்து கிள்ளுனேன். ரஞ்சிதம் அடுத்த வருஷம் அஞ்சாம் வகுப்பு. அவளுக்கும் கூடையக் கட்டி விடணுமா? இப்ப ஒரு எடம் வருது. நீங்க வரலன்னாலும் நான் புள்ளைங்களக் கூட்டிக்கிட்டுப் போவேன்."

என் தங்கை இப்படிப் பேசி நான் கேட்டதில்லை. காலில் அட்டை கடித்த தழும்போடு, தலையில் கட்டிய துணியைக்கூட அவிழ்க்காமல் நின்றாள். கூடையைக் கொழுந்து நிறுக்கும் இடத்தில் வைத்துவிட்டு நேரே வந்தவள். நானும் எத்தனையோ தடவை அவள் புலம்பலைக் கேட்டிருக்கிறேன். அவர் ஓயாமல் வேலை மாறுகிறார் என்ற புலம்பல் என்றுதான் அதை நினைத்திருந்தேன். அவருக்கு மாற முடிகிறதே என்ற ஆற்றாமையும் அதில் இருந்தது என்பது அப்போதுதான் உறைத்தது.

முருகையா சப்பாத்தை மாட்டிக்கொண்டு போனார். ரிங்லெட்டுக்கே போய்விட்டார். இருட்டுகிற நேரத்தில் ஒரு காய்கறி லோரியில் திரும்பி வந்து, போகலாம் என்றார்.

1984 ஜனவரியில், பள்ளிக்கூடம் திறக்கிற வாரம், புந்தோங்கில் ஒரு வாடகை வீட்டுக்குக் குடிபோனார்கள். நவமணி நான்கே மாதத்தில் ஒரு துணி தைக்கிற பேக்டரியில் சேர்ந்துவிட்டாள். ஒவ்வொரு தடவை நான் போகும்போதும் அவள் வேகமாகப் பேசினாள், வேகமாக நடந்தாள், எந்த பஸ் எங்கே போகும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தாள். பிள்ளைகள் வளர்ந்தார்கள். முருகையா கம்பெனி பனியனில் ஓடினார். இரண்டு தடவை இரண்டாவதாக வந்தார், ஒரு தடவை முதலாவதாகவே வந்தார். பேப்பரில் பெயர் வந்தது. அந்தத் துண்டை எனக்கு அனுப்பியது நவமணிதான்.

ஆனால் முட்டி மறுபடி ஆட ஆரம்பித்திருந்தது. இன்ன நாள் இத்தனை கிலோமீட்டர், இன்ன நேரத்துக்குள் என்று எழுதிக் கொடுத்து ஓடச் சொல்கிறார்கள் என்றார். ஸ்டோரில் பெட்டிகளுக்கு நடுவே பகல் முழுக்க நின்றுவிட்டு, சாயங்காலம் ஒரு மைதானத்தைச் சுற்றிச் சுற்றி ஓடுவது அவருக்குப் பிடிக்கவில்லை. மைதானத்தில் எந்தப் பக்கம் பார்த்தாலும் கிளம்பிய இடம் தெரிகிறதாம். பந்தயத்துக்கு முதல் நாள் தூக்கமில்லை என்றார். தோட்டத்தில் அவருக்கு அப்படி ஒருநாளும் ஆனதில்லை.

அப்புறம் ஈய விலை விழுந்தது. ஈப்போவே ஈயத்தால் வாழ்ந்த ஊர். 1986-ல் கம்பெனிகள் ஒவ்வொன்றாக ஆள் குறைத்தன. லோ வருத்தப்பட்டுக்கொண்டே ஓட்டக்காரர் குழுவைக் கலைத்தார். இரண்டு மாதம் கழித்து ஸ்டோரிலும் ஆள் குறைத்தபோது முருகையாவின் பெயர் இருந்தது. நவமணியின் வேலை மட்டும் நிலைத்தது, அதில்தான் வீடு ஓடியது. அவர் ஒரு மளிகைக் கடையில் மூட்டை இறக்கினார், ஒரு பெட்ரோல் நிலையத்தில் நின்றார். பழைய கதை. ஒரு ஞாயிறு சொல்லாமல் கொள்ளாமல் மலைக்கு வந்து, என் வீட்டில் ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டு நேரே ராமசாமி கிராணியைப் பார்க்கப் போனார். டிரையரில் இடம் காலியாகத்தான் இருந்தது. அது எப்போதும் காலியாகத்தான் இருக்கும்.

நவமணி சண்டை போடுவாள் என்று நினைத்தேன். அவள் ஈப்போவிலிருந்து வர மாட்டேன் என்றாள், அவ்வளவுதான். நீங்கள் அங்கே இருங்கள், சனிக்கிழமை வாருங்கள் என்று சொல்லிவிட்டாள். அப்படியே நடந்தது. வாரத்தில் ஆறு நாள் அவர் என் வீட்டு முன்னறையில் தங்கி உலையில் வேலை செய்தார். சனிக்கிழமை மத்தியானம் பஸ் ஏறுவார். திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் திரும்பி, பத்து மணிக்கு மேல் வேலைக்கு வருவார். கிராணி அதற்கு ஒத்துக்கொண்டார், வேறு யார் அங்கே நிற்பார்கள். லயத்தில் சிலர் புருஷன் பெண்டாட்டி பிரிந்துவிட்டார்கள் என்று பேசினார்கள். பிரிந்தவர்கள் மாதிரி எனக்குத் தோன்றவில்லை. சேர்ந்திருக்கிறவர்கள் மாதிரியும் தோன்றவில்லை.

1988-ல் ரிங்லெட்டிலிருந்து பிரிஞ்சாங் வரைக்கும் ஒரு பந்தயம் வைத்தார்கள். பதினெட்டு கிலோமீட்டர், ஏற்றம். முருகையாவுக்கு முப்பத்தெட்டு வயது. அவர் பெயர் கொடுத்ததைக் கேட்டு, நவமணி இரண்டு பெண்களையும் கூட்டிக்கொண்டு ஈப்போவிலிருந்து வந்தாள். அத்தனை வருஷத்தில் அவள் ஒரு பந்தயமும் பார்த்ததில்லை என்பது அன்றைக்குத்தான் எனக்கு நினைவு வந்தது. எல்லாவற்றுக்கும் நான்தான் போயிருக்கிறேன்.

தானா ராத்தா தாண்டி ஒரு மேட்டில், ரோட்டோரம் நின்றோம். பனித்தூறல். முதலில் கென்யா நாட்டுக்காரர்கள் மாதிரி ஒல்லியான இரண்டு பையன்கள் போனார்கள். அப்புறம் ராணுவம், போலீஸ், பல்கலைக்கழக மாணவர்கள். முப்பது பேருக்குப் பிறகு அவர் வந்தார். தலைமுடி நெற்றியில் ஒட்டியிருந்தது. பிள்ளைகள் "அப்பா" என்று கத்தினார்கள். அவர் பார்த்தார், பார்த்தது தெரிந்தது, ஆனால் வேகம் கூடவும் இல்லை குறையவும் இல்லை. நவமணி கூப்பிடவில்லை. அவர் வளைவில் மறையும்வரை பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அவர் மொகத்தப் பாத்தீங்களாண்ணே?" என்றாள். "தூங்குற புள்ள மொகம் மாதிரி இருக்கு. இத்தன வருஷத்துல வீட்டுல ஒரு நாளும் நான் அந்த மொகத்தப் பாக்கல."

சந்தோஷப்பட்டுச் சொன்னாளா வருத்தப்பட்டுச் சொன்னாளா என்று எனக்குத் தெரியவில்லை.

அவர் முப்பத்து மூன்றாவதாக வந்தார். ஒரு சான்றிதழும் ஒரு துண்டும் கொடுத்தார்கள். பிரிஞ்சாங்கில் எல்லோரும் சேர்ந்து சாப்பிட்டோம். நவமணி உலையைப் பற்றிக் கேட்டாள், புது ஆள் யாராவது வந்தார்களா, இருமல் இருக்கிறதா என்று. அவர் அவளுடைய சூப்பர்வைசரைப் பற்றிக் கேட்டார். ரஞ்சிதத்துக்கு மூன்றாம் படிவப் பரீட்சை நெருங்கிக்கொண்டிருந்தது, அவள் மேசையிலேயே புத்தகத்தைத் திறந்துவைத்துக்கொண்டாள். பரீட்சை முடிந்ததும் ஈப்போவுக்கே வந்துவிடுகிறீர்களா என்று நவமணி கேட்டாள். பார்க்கலாம் என்றார். நீயும் பிள்ளைகளும் டிசம்பர் லீவுக்கு இங்கே வந்து இருங்களேன் என்று அவர் கேட்டார். அவளும் பார்க்கலாம் என்றாள்.

நாலரை பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. முருகையா பைகளை ஏற்றிவைத்து, சன்னல் பக்கம் நின்று சின்னவளிடம் ஏதோ பேசினார். பஸ் புறப்பட்டதும் இரண்டு பேரும் தோட்டத்துக்குத் திரும்பினோம். மறுநாள் அவருக்குக் காலை ஷிப்ட்.